பாட்டுக்கு முன்னால் வரும் குரல்

கெடுங்சரி ஊரில் வாசலில் பறவைக் கூண்டு தொங்காத வீடு ஒன்றே ஒன்றுதான். அது கீபோர்டு துகிமினின் வீடு. கல்யாணமோ, சுன்னத்து விருந்தோ, சுற்று வட்டாரத்தில் எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் அங்கே துகிமின் தன் கீபோர்டோடு போய் உட்கார்ந்துவிடுவான். தங்துட் என்கிற அந்த ஊர்க் குத்துப்பாட்டுகளுக்குத் தாளம் தட்டுவான், பாடகி வராவிட்டால் தானே பாடுவான், மாப்பிள்ளையின் மாமா மேடையேறி ஆடினால் அவர் இடுப்புக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பான். அவன் பறவை வளர்க்காததற்குக் காரணம் ஜீவகாருண்யம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து வெட்டுக்கிளியும் முசுற்றெறும்பு முட்டையும் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டுமே என்ற சோம்பல்தான்.

ஆனால் சோம்பலும் தூரத்திலிருந்து பார்த்தால் கொள்கை மாதிரி தெரியும். நகரத்தில் இருந்த ஒரு வனவிலங்கு அறக்கட்டளைக்கு அப்படித்தான் தெரிந்தது. அதிலிருந்து வந்த ரெட்னோ என்ற பெண், ஊரின் நூற்றுக்கணக்கான கூண்டுகளுக்கு நடுவே அவனுடைய வெறும் வாசலைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நல்ல பெண். காடு என்றால் உண்மையாகவே கண் கலங்குகிறவள். முந்தின வருஷம் அவள் ஊர் முழுக்கக் கொடுத்த துண்டுப் பிரசுரங்களை, எச்சம் விழுவதற்கு வாகாகக் கூண்டின் அடித்தட்டில் எல்லோரும் விரித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இந்த முறை வேறு யோசனையோடு வந்திருந்தாள். ஐயா என்பதற்கு அங்கே பாக், அம்மா என்பதற்கு இபு.

"சொற்பொழிவு யாரும் கேக்கறதில்ல, பாக் துகிமின். பாட்டுன்னா கேப்பாங்க, வீடியோன்னா பாப்பாங்க. நேரா மனசுல போய் உக்காரும்."

"உக்காரும், இபு. ஆனா தாளம் தூக்கலா இருக்கணும். சோகமா போட்டா எங்க ஊர்ல எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"சோகமான விஷயம்தானே இது?"

"புருஷன் ஓடிப்போன விஷயத்துக்கே எங்க ஊர்ல எல்லாரும் ஆடுறாங்களே."

ரெட்னோ சிரித்துவிட்டாள். ஒப்பந்தம் முடிந்தது.

துகிமினின் வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு சேங்கோன் மரம் இருந்தது. விடியும்போது அதன் உச்சியில் ஒரு குண்டுக்கரிச்சான் வந்து உட்காரும். கச்சேர் என்பார்கள் அங்கே. மற்ற இடத்துக் கரிச்சானுக்கு வயிறு வெள்ளை, இதற்கு வயிறும் கறுப்பு. ஒரு காலத்தில் சரிவு முழுக்க இருந்த இனம், இப்போது கூண்டுகளில்தான் நிறைய. காட்டில் மிச்சமிருந்தது, ஊருக்குத் தெரிந்து, இந்த ஒன்றுதான். அடுத்த தெரு சுகெங் பறவை பிடிப்பதில் பெரிய ஆள். இதைப் பிடிக்க அவன் எத்தனையோ தடவை பழக்கின பறவையைக் கூண்டில் வைத்து மரத்தடியில் பாடவிட்டுப் பார்த்துவிட்டான். கரிச்சான் மேலேயிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு மரத்துக்குப் போய்விடும். அந்தப் பாட்டையெல்லாம் அது ஒரு பாட்டாகவே மதிக்கவில்லை.

அதன் மேல் துகிமினுக்கு உயிர். அதை யாரிடமும் சொன்னதில்லை. பாட்டை நன்றாக ஏற்றிக்கொண்டே போய், முடிவில் மட்டும் மூன்று சுரமாக இறங்கும். யாரோ வாசலில் நின்று ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விடுகிற மாதிரி இருக்கும். துகிமினுக்குச் சொந்தமாக மெட்டுப் போட வராது. இத்தனை வருஷமாக ஊரான் மெட்டை வாசித்தே பிழைத்தவன். அந்த மூன்று சுரத்தை எடுத்துத்தான் இந்தப் பாட்டின் பல்லவியைக் கட்டினான்.

கூண்டுக்குள்ளே பாட்டிருந்தா குடித்தனத்துக்கு அழகில்லே,
காட்டுக்குள்ளே பாடட்டுமே, கேக்க நமக்கா காதில்லே!

பாட்டு தொடங்கும் முன் நிஜக் குரலே வரட்டும் என்று செல்போனை மூங்கில் கழியில் கட்டிக் குளியலறை ஜன்னல் வழியாக நீட்டி, ஒரு விடியலில் கரிச்சானின் முழுப் பாட்டையும் பிடித்துவிட்டான். முதலில் கரிச்சான் தனியாகப் பாடும். அது முடிந்து ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்கும். பிறகு மத்தளம் வந்து விழும். கேட்டதும் ரெட்னோவுக்குக் கண்ணில் தண்ணீர். அவன் மனைவி லஸ்மினிக்கு மத்தளம் விழுந்ததுமே கால் ஆடியது. இரண்டு பேருக்கும் பிடித்த பாட்டை அவன் அதற்கு முன் போட்டதே இல்லை.

வீடியோ எடுக்கிற நாள் வந்தது. தெருவில் ஒரு கூண்டும் படத்தில் தெரியக் கூடாது என்று ரெட்னோ கெஞ்சிக் கேட்டிருந்தாள். ஊரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டது. படத்தில் வர யாருக்குத்தான் ஆசையில்லை? கூண்டுகளையெல்லாம் கொண்டுவந்து, பறவையே இல்லாத வீடு என்பதால் நிறைய இடம் இருந்த துகிமினின் சமையலறையில் அடுக்கினார்கள். வாசலில் வெறும் கொக்கிகள் அசிங்கமாகத் தொங்கின. அதில் பெண்கள் துணி காயப் போட்டார்கள். துகிமின் பச்சை பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபடி, காட்டுக்குள்ளே பாடட்டுமே என்று கையை விரித்தான். உடனே சமையலறையிலிருந்து அத்தனை பறவைகளும் ஒன்றுக்கொன்று ஏட்டிக்குப் போட்டியாகக் கத்தத் தொடங்கின.

ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்தார். "அடேயப்பா, இந்தக் காடு இன்னும் உயிரோடதான் இருக்கு!"

லஸ்மினி தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கரிச்சானை நெருக்கத்தில் காட்ட வேண்டியிருந்தது. சேங்கோன் மரத்துக் கரிச்சான் கேமராவுக்கு முகம் கொடுக்கவில்லை. பொழுது போய்க்கொண்டே இருந்தது. சுகெங்தான் தன் கூண்டுக் கரிச்சானைக் கொண்டுவந்து, காலில் மெல்லிய நைலான் நூலைக் கட்டி, கிளையில் உட்கார வைத்தான்.

ரெட்னோவின் முகம் சுண்டிப் போனது. "இது சரியா இருக்குமா?"

"நூல் தெரியாது, இபு" என்றான் சுகெங். அவனுக்குத் தெரிந்த ஒரே பிரச்சினை அதுதான். படத்தின் கடைசியில், பறவை தந்து உதவியவர் என்று அவன் பெயரும் வந்தது.

பாட்டு பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு பிடிப்பு. டீக்கடையில், பேருந்தில், பள்ளிக்கூட வாசலில், எங்கே பார்த்தாலும் அதுதான். துகிமினைக் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவதே அந்தப் பாட்டுக்காக என்று ஆனது. கூண்டுகள் கட்டிய பந்தலில், கூண்டுக்குள்ளே பாட்டிருந்தா என்று அவன் பாட, கூண்டுக்காரர்கள் கைதூக்கி ஆடினார்கள். துகிமினுக்கு இதில் எந்த உறுத்தலும் இல்லை. புகழ் வந்து சேருகிறபோது மனுஷன் அதிலேயா குற்றம் பார்ப்பான்?

ரெட்னோ துள்ளிக் குதித்துக்கொண்டு போன் செய்தாள். "பாக் துகிமின், எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க! அதுவும் ஆரம்பத்தை மட்டும். மத்தளம் வந்ததும் ஆரம்பத்துக்கே தள்ளி மறுபடி மறுபடி போடறாங்க. அந்தக் குரல் ஜனங்களை எப்படித் தொட்டிருக்கு பாருங்க!"

தொடத்தான் செய்தது. கரிச்சான் வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூண்டைத் துணியால் மூடி, பக்கத்தில் நன்றாகப் பாடும் பறவையின் பதிவை ஓயாமல் ஓடவிடுவார்கள். இருட்டில் வேறு வேலையில்லாத பறவை அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொள்ளும். போட்டிக்குத் தயார் செய்கிற பாடம் அது. இப்படிக் காட்டுக் கரிச்சானின் சுத்தமான பாட்டு அவர்களுக்கு எத்தனையோ காலமாகக் கிடைக்காமல் இருந்தது. அதை அறக்கட்டளையே செலவு செய்து, ஒலியைத் துலக்கி, இலவசமாகக் கையில் கொடுத்துவிட்டது. மலையடிவாரம் முழுக்கத் துணி மூடிய கூண்டுகளுக்குப் பக்கத்தில் துகிமினின் பாட்டு ஓடியது, மத்தளம் வரைக்கும்.

ஒரு நாள் சுகெங் தேடி வந்தான். துகிமினை அண்ணன் முறையில் காங் என்றுதான் கூப்பிடுவான். "காங், ஒரு உதவி. மத்தளம் குறுக்க வந்து கெடுக்குது. நீ முதல்ல பிடிச்சியே, அந்த முழுப் பதிவு இருக்குமா? என் பையனுக்குப் பாடம் போடணும்." பையன் என்றது அவன் கூண்டுக் கரிச்சானை.

"பாட்டு வேண்டாம், பறவை மட்டும் போதுமாக்கும்?"

"பாட்டும் அருமைதான் காங். ஆனா மரத்துல இருக்கறவன்தான் உன்னைவிட நல்லாப் பாடுறான்."

துகிமினுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னவன் மேல் கோபப்பட முடியுமா? பதிவை அனுப்பி வைத்தான்.

அடுத்த வாரம் ஒரு விடியலில் சேங்கோன் மரம் பேசாமல் நின்றது. மழை வரப்போகிறது என்று துகிமின் நினைத்துக்கொண்டான். மறுநாள் மழையும் இல்லை, பாட்டும் இல்லை. அதற்கு மறுநாள் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தான். தரையில் பலாப்பால் காய்ச்சிய பசை தடவின குச்சி ஒன்று கிடந்தது. அதில் கறுப்பாக இரண்டு இறகு ஒட்டியிருந்தது. துகிமின் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். லஸ்மினி தேடி வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

"சுகெங் எத்தனை வருஷமா முயற்சி பண்ணினான், வரலையே" என்றான்.

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சாம்?"

அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது.

அந்த மாதக் கடைசியில் மாவட்டத் தலைநகரில் பறவைப் போட்டி. போட்டிக்குப் பெயர் 'பறவை வளம் காப்போம் கோப்பை'. பொருத்தமான பாட்டு வேண்டுமென்று துகிமினைத் தொடக்க விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் மைதானத்தில் ஒலிபெருக்கிகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது, வரிசையாகத் தொங்கிய கரிச்சான் கூண்டுகளுக்கு நடுவிலிருந்து அந்த மூன்று சுரம் இறங்கியது. இப்போது எல்லாக் கரிச்சானும் அதைப் பாடத்தான் செய்தன. ஆனால் பாடம் படித்ததும் சொந்தமும் வேறு வேறு. கல்யாண வீட்டு இரைச்சலில் பிசகின ஒரு சுரத்தைப் பிடிக்கிற காது துகிமினுக்கு. கயிற்றைத் தாண்டி ஓடினான். அலகின் அடியில், கம்பியில் முட்டி முட்டிப் புண்ணாகியிருந்தது. வாலில் இரண்டு இறகு இல்லை. கூண்டுக்குக் கீழே வெட்டுக்கிளி டப்பாவோடு சுகெங் நின்றான்.

"நீதானா?"

"கோவப்படாத காங். நான் விட்டா வேற எவனாவது பிடிச்சிருப்பான். ஊர் பூரா உன் பாட்டை வெச்சுக்கிட்டுத்தான மலையேறுறான்?" அவன் குரலில் ஒளிவு மறைவே இல்லை, கொஞ்சம் வியப்புக்கூட இருந்தது. "வேற எந்தப் பறவையோட குரலுக்கும் அசையாதவன், தன் குரலைக் கேட்டதும் சண்டைக்கு இறங்கி வந்துட்டான். தன் மரத்துல தன்னை மாதிரியே ஒருத்தன் பாடுறான்னு பொறுக்க முடியல அவனுக்கு."

சுகெங்கிடம் பறவையை விலைக்கு வாங்கியிருந்த ஓடு சூளை முதலாளி பாக் புர்னோமோ வந்து துகிமினின் தோளில் கை போட்டார். "நம்ம பாடகர்! உம்ம பாட்டைக் கேட்டு என் வீட்டுக்காரி அழுதுட்டாய்யா. இன்னிக்கு என் ஆள் ஜெயிக்கணும்னு வாழ்த்திப் பாடும்."

துகிமின் அவருடைய முகத்தையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கரிச்சானுக்கு ஒரு குணம் உண்டு, அந்த மைதானத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்ததுதான். எதிரியின் குரல் அளவுக்கு மீறி நெருக்கத்தில் கேட்டால் பாட்டை விட்டுவிட்டு, நெஞ்சை உப்பிக்கொண்டு, பொம்மலாட்டத்துக் கோமாளி பாகோங் மாதிரி தொப்பையும் தானுமாக உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த பறவை போட்டியில் தோற்றது. அதற்கப்புறம் அதை யாரும் சீந்த மாட்டார்கள்.

அவன் மேடைக்குப் போனான். ஒரு ஒலிபெருக்கியைக் கரிச்சான் வரிசையின் பக்கம் திருப்பினான். சத்தத்தை ஏற்றினான். அதுவரை அந்தப் பாட்டை அவன் பறவைக்காக ஒரு தடவைகூடப் பாடியதில்லை. கூலிக்குப் பாடினான், கைதட்டுக்குப் பாடினான். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே ஒரு பறவைக்காக, அதைக் கெடுப்பதற்காகப் பாடினான்.

சேங்கோன் மரத்துக் குரல் மைதானம் முழுக்க இடித்தது. கூண்டுக் கரிச்சான் ஒரு கணம் தலையைத் தூக்கியது. சுற்றிலும் தேடியது. பிறகு மெல்ல மெல்ல உப்பியது. நடுவர்கள் கொடி தூக்கியபோதும், சொந்தக்காரர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று விசிலடித்துத் தொண்டை கிழியக் கத்தியபோதும், அது வாயைத் திறக்கவில்லை.

"கழுதை! இதையா தங்கம்னு சொல்லி என் தலையில கட்டினே?" பாக் புர்னோமோ சுகெங்கைப் பார்த்துக் குதித்தார். "மிளகாய் போட்டு வறுத்துத் தின்னுங்க!"

துகிமின் பக்கத்தில் போய் மிகவும் பணிவாக நின்றான். "பாக், என் பாட்டுக் கூலி வேண்டாம். இதைக் குடுத்துடுங்க."

"கூண்டோட எடுத்துட்டுப் போய்யா. என் கண்ணுல படக் கூடாது."

மறுநாள் விடிந்ததும் துகிமினும் லஸ்மினியும் கூண்டைத் தூக்கிக்கொண்டு சேங்கோன் மரத்தடிக்குப் போனார்கள். லஸ்மினி ஆரஞ்சு நிறத் தோள்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு கதவில் கை வைத்தாள். அப்போது மேலே சரிவிலிருந்து கரிச்சான் பாடியது. அந்த முழுப் பாட்டுத்தான், மத்தளம் இல்லாமல். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தது. பிறகு இடப்பக்கம் ஓடையருகே இன்னொன்று. ஒன்று பிடிபட்ட இடத்தில் இன்னொன்று இருக்காதா என்று, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் செல்போனும் பசைக்குச்சியுமாக ஆட்கள் ஏறியிருந்தார்கள். கூண்டுக்குள் இருந்தது சிறகை விரித்துக்கொண்டு கம்பியில் போய் மோதியது.

லஸ்மினி கதவிலிருந்து கையை எடுத்தாள். "சாயங்காலத்துக்குள்ள மறுபடி பிடிச்சிருவானுங்க, பாக்."

"வேற மலைக்குக் கொண்டு போவோம்."

"உங்க பாட்டு போகாத மலை எது?"

இருவரும் வந்த வழியே திரும்பினார்கள். கூண்டின் மேல் லஸ்மினி தன் தோள்துணியை எடுத்துப் போர்த்தியிருந்தாள், தெருவில் யாரும் பார்க்கக் கூடாது என்று.

ரெட்னோவுக்குச் செய்தி எட்டி, அன்றைக்கே போன் வந்தது. "பாக் துகிமின், நீங்க அந்தப் பறவையை மீட்டுட்டீங்களாமே! நாங்க வர்றோம். கூண்டைத் திறந்து விடுறதை அப்படியே படம் பிடிச்சுடலாம். இதுதான் ரெண்டாவது வீடியோ!"

"படம் இல்லாம விட்டா என்ன, இபு? எங்க விட்டோம்னு யாருக்கும் தெரியாம?"

"எப்படி? படம் இல்லேன்னா இப்படி ஒண்ணு நடந்ததாவே கணக்கில்லையே. ஜனங்க பாக்க வேணாமா?"

"உங்க சரணாலயத்துல வெச்சுக்க முடியுமா?"

அங்கே இருந்த பெரிய கூண்டைப் போன வருஷம் யாரோ வெட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதை அவளே ஒரு தடவை சொல்லியிருந்தாள். "இன்னும் பூட்டு சரியா அமையல" என்றாள்.

துகிமின் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான், "வர வேண்டாம், இபு. செத்துப் போச்சு. காலையிலேயே செத்துப் போச்சு."

ரெட்னோ விசும்பி விசும்பி அழுவது கேட்டது. கேட்டுக்கொண்டு நிற்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

மலையின் கடைசிக் கரிச்சான் இறந்த செய்தியை அறக்கட்டளை கறுப்புக் கரை போட்டு வெளியிட்டது. பாட்டு மறுபடி ஒரு சுற்று வந்தது, இந்த முறை அழுகையோடு. துகிமின் இப்போதெல்லாம் விடியும் முன்பே எழுந்துவிடுகிறான். ஜன்னல் அடைத்த உள்ளறையில் வெட்டுக்கிளியின் கால்களைக் கிள்ளி எறிந்துவிட்டு ஊட்டுகிறான். அது முதலில் சாப்பிட மறுத்தது. பிறகு சாப்பிட்டது. பாடுவதில்லை. ஊர் அடங்கும் வரை, இந்தப் பாட்டின் பேச்சு ஓயும் வரை வைத்திருந்துவிட்டு விட்டுவிடலாம் என்று அவன் லஸ்மினியிடம் சொல்வான். அவளும் ஆமாம் என்பாள். இருவருக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

ஒரு மத்தியானம் ரெட்னோ, சொல்லாமல் கொள்ளாமல் துக்கம் விசாரிக்க வந்தாள். வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கி வந்திருந்தாள். லஸ்மினி இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து கரிச்சான் பாடத் தொடங்கியது. பிடிபட்ட பிறகு அது மனம்விட்டுப் பாடியது அன்றைக்குத்தான். ஏறி ஏறிப் போய், ஒரு குறையும் இல்லாமல், மூன்று சுரமாக இறங்கியது.

ரெட்னோ கோப்பையைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் அந்தப் பதிவைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கீங்களா, பாக்?"

"ஆமா, இபு" என்றான் துகிமின்.

கரிச்சான் மறுபடி முதலிலிருந்து எடுத்தது.

"கொஞ்சம் நிறுத்துங்களேன். என்னால கேக்க முடியல."

துகிமின் எழுந்து உள்ளே போனான். கரிச்சான் அவனைப் பார்த்துக்கொண்டே பாடியது. அவன் கொஞ்ச நேரம் நின்று கேட்டான், பிறகு கூண்டின் மேல் துணியை இழுத்து மூடினான். பாட்டு பாதியில் நின்றது.

"நிறுத்திட்டேன், இபு" என்று உள்ளேயிருந்தே சொன்னான்.